துடைப்ப ஐயா

போதகர் கழிவறை கழுவத் தொடங்கியது நல்ல எண்ணத்தில்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சீஷர்களின் கால்களை ஆண்டவர் கழுவியதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை உருக உருகப் பிரசங்கம் செய்தார். வாயால் சொன்னதைக் கையால் செய்யாவிட்டால் அது என்ன ஊழியம் என்று மனசு குடைந்தது. அந்த வாரமே கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, ஆலயத்துக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குள் புகுந்துவிட்டார்.

சபைச் செயலாளர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார். படம் ஊரெல்லாம் சுற்றியது. 'துடைப்ப ஐயா' என்று பட்டப்பெயரும் வந்தது. அந்தப் பெயர் போதகருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவும் சீக்கிரமே பழகிவிட்டார்.

அந்தக் கழிவறையைக் கழுவ ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள் என்பதைத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள். அவள் புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, வலிப்போடு கட்டிலில் கிடந்தான். ஆலயச் சம்பளத்தில்தான் அவனுக்கு மாத்திரை வாங்கினாள்.

ஒருநாள் ஆராதனை முடிந்ததும் போதகரின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னை நிறுத்திட்டாங்கய்யா."

"யாரு நிறுத்துனது?"

"கமிட்டியிலதான். ஐயாவே கழுவுறாரு, உனக்கு எதுக்கும்மா சம்பளம்னு கேக்குறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?"

போதகருக்குச் சுருக்கென்றது. "நான் பேசுறேம்மா. நீங்க கவலைப்படாம போங்க."

பேசத்தான் போனார். கமிட்டிக் கூட்டத்தில் உட்காரக்கூட விடவில்லை, செயலாளர் துள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பேராயர் வர்றாருய்யா! நீங்க கழுவுறத நேர்ல பாக்கணுமாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். 'அது அந்தம்மாவோட வேலை, நான் பிடுங்கிட்டேன்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் துடைப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் அவர் பழையபடி யாரும் கண்டுகொள்ளாத போதகர். பேராயர் வந்துபோகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வார்த்தையை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்தார். அதையும் தாழ்மை என்றே எடுத்துக்கொண்டார்கள், பாவம்.

பேராயர் வந்தார், தோளில் தட்டினார், போனார். அதன்பிறகும் போதகர் வாய் திறக்கவில்லை. தாழ்மையைப் பற்றிப் பேச வெளியூர்ச் சபைகள் அழைத்தபடி இருந்தன. அவள் மறுபடியும் இரண்டு மூன்று முறை வந்து காத்திருந்தாள். அவர் பக்கத்துக் கதவு வழியாக நழுவினார். தான் செய்வது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நழுவினார்.

கொத்தனார் செத்துப்போன செய்தி ஒரு காலையில் வந்தது.

போதகர் செயலாளரோடு போனார். ஒற்றை அறை வீடு. கட்டிலில் உடல் கிடந்தது. தலைமாட்டில் காலி மாத்திரை அட்டை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருந்தன.

"பாதி பாதியா உடைச்சுக் குடுத்துப் பாத்தேன்யா," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "அதுவும் தீர்ந்துபோச்சு. வலிப்பு நிக்காம இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

போதகர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியருகே குனிந்து துணியை எடுத்தார்.

"நான் குளிப்பாட்டுறேம்மா."

உண்மையான துக்கத்தில்தான் சொன்னார். பின்னால் நின்றிருந்த செயலாளரின் கை, பழக்கதோஷத்தில், கைப்பேசியை வெளியே எடுத்துவிட்டது.

அவள் அந்தக் கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு போதகரைப் பார்த்தாள்.

"வேண்டாங்கய்யா. இருந்த ஒரு வேலையையும் எடுத்துக்கிட்டீங்க. இதையாவது எனக்கு விட்டுடுங்க."

அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, புருஷனின் பாதங்களிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.