எம்லின் குழி

கிளெனிஸுக்குச் சேறு என்றாலே ஆகாது. வேல்ஸில் ஒரு பால்மாட்டுப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இப்படியொரு அருவருப்பு இருப்பது வேடிக்கைதான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்படிக்கும் கொட்டிலுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பூட்ஸ் வாசலோடு, அழுக்கு உடுப்பு பின்கட்டோடு, அதற்கப்புறம்தான் மனுஷன் உள்ளே வரலாம் என்பது அவள் சட்டம்.

அந்தச் சேற்றையே தேடிக்கொண்டு நாளைக் காலையில் அறுநூறு பேர் வரப்போகிறார்கள். தடை தாண்டும் ஓட்டம். சுவரேறிக் குதித்து, முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து, சேற்றில் தலையோடு முங்கி நாலு மைல் ஓட வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற கூட்டம் என்று கிளெனிஸ் போன வருடமே சொல்லிவிட்டாள். ஓடி முடித்த ஒரு தடியன் அவளுடைய ரோஜாச் செடிமேல் மூக்கைச் சிந்திவிட்டுப் போனதை அவள் இன்னும் மறக்கவில்லை. சீ!

அவள் புருஷன் எம்லினுக்கோ அது திருவிழா. கடைசித் தடையான சேற்றுக் குழிக்கு, நடத்துகிறவர்கள் அவன் பெயரையே வைத்துப் பலகையும் நட்டிருந்தார்கள். குழி சரியாக அமையாவிட்டால் அடுத்த வருடம் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுவோம் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். இந்த வருடம் பார்த்து ஐந்து வாரமாக மழை இல்லை. குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடைத் தண்ணீரை நிரப்புங்கள், மாட்டை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள், சாணி வாயில் போனால் வயிற்றைக் கெடுக்கும் என்பது அவர்கள் கண்டிப்பு. எம்லின் மாட்டை விடவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் ஓட்டினான்.

சாயங்காலம் அவனுக்கு டீ கொண்டுபோன கிளெனிஸ், குழிக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"எம்லின், எதுல தண்ணி கொண்டாந்த?"

"டேங்கர்லதான்." எம்லினே கரைக்கு வந்து டீயை வாங்கிக்கொண்டான்.

"எந்த டேங்கர்?"

"நம்மகிட்ட எத்தன இருக்கு, கண்ணு?"

இருப்பது ஒன்றே ஒன்று. கொட்டிலின் சாணிக் கரைசலை உறிஞ்சி வயலில் இறைக்கிற டேங்கர்.

"அடப்பாவி! கழுவினியா?"

"ஒரு தடவ அலசினேனே."

"நாறுது."

"என்ன நாறுது?" எம்லின் மூக்கை விடைத்து நாலு பக்கமும் மோந்து பார்த்தான். அது நடிப்பு இல்லை. பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்திலேயே கிடந்தவனுக்கு அது வெறும் காற்று. அவன் உடுப்பைத் துவைக்கிறவளின் மூக்கு இன்னும் சாகவில்லை.

குழியின் மேல் பச்சையாக நுரை கட்டியிருந்தது. அதில் வைக்கோல் துணுக்குகள் மிதந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொப்புளம் மெல்ல எழும்பி வெடித்தது. கிளெனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போன் பண்ணி இந்தக் குழி வேணாம்னு சொல்லு."

"சொன்னா அவ்ளோதான். அடுத்த வருசம் பக்கத்துப் பண்ணை ஹூவெல் பய நிலத்துல அவன் பேரப் போட்டுப் பலகை நடுவாங்க."

"மனுசங்க மூஞ்சிய வைக்கிற எடம் எம்லின் இது!"

"அவங்க வர்றதே அழுக்காகத்தான? ஒரு வாய் உள்ள போனா செத்தா போயிடுவாங்க? நான் இதவிட மோசமானத முழுங்கியிருக்கேன்."

"அதான் இப்படி இருக்க."

அந்த நேரம் பார்த்து அவர்கள் மகள் காரிஸின் கார் வந்து நின்றது. நர்ஸுக்குப் படிக்கிற பெண். நாளைக்குத் தோழிகளோடு ஓடப்போகிறவள். பழைய கால்சட்டை, கழன்றுவிடாமல் கணுக்காலோடு டேப் சுற்றிய ஷூவென்று ஒத்திகைக்குத் தயாராகவே வந்திருந்தாள்.

"அப்பா, உங்க குழியில மொத முங்கு நான்தான்!" வாயெல்லாம் சிரிப்பாகச் சரிவில் ஓடி வந்தாள்.

எம்லின் கையிலிருந்த டீ கீழே விழுந்தது.

"காரிஸ், நில்லு! வாய மூடு! வாய மூடுடீ!"

அவன் குழிக்குள் பாய்ந்து, முழங்கால் சேற்றில் நின்றபடி, குதிக்கப்போனவளை இடுப்போடு அள்ளிக் கரையில் தள்ளினான்.

"என்னப்பா ஆச்சு?" காரிஸ் புல்லில் உட்கார்ந்தபடி திகைத்துப்போய்க் கேட்டாள்.

கிளெனிஸ் எம்லின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லேன். ஒரு வாய் போனா ஒண்ணும் ஆவாதுன்னியே? உன் மக வாய் மட்டுந்தான் வாயா? நாளைக்கு வர்ற அறுநூறும் யாரு பெத்தது?"

எம்லின் தன் கையைப் பார்த்தான். மெதுவாக மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் கோணியதைக் கிளெனிஸ் அன்றுதான் கண்டாள். கரையேறி, தன் பெயர்ப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினான்.

வாசலில் பூட்ஸைக் கழற்றினான். பின்கட்டில் உடுப்பைக் கழற்றினான். அடுப்படிக்குள் வந்து போனுக்குக் கை நீட்டியவன் சட்டென்று நின்றான். குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். திரும்பவும் மோந்து பார்த்தான். இன்னொரு தடவை கழுவினான். அப்புறம்தான் போனை எடுத்தான்.

இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்லாமல் அவன் கை கழுவியது அதுதான் முதல் தடவை.