இரண்டு கடை முத்திரை

காசிநாதன் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. மாட்டுவண்டியில் அடுக்கியிருந்த பாடப் புத்தகக் கட்டுகளின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் ஆறாம் வகுப்புப் பூகோளப் புத்தகம் ஒன்றைச் சுந்தரவல்லியிடம் நீட்டினார்.

"நீல முத்திரை உங்க கடையோடது. சரி. பக்கத்துலயே சிவப்பா ஒண்ணு இருக்கே, அது யாரோடதும்மா? ரயில்ல எதிர்ல உட்கார்ந்திருந்த பையன் கையில பார்த்து வாங்கிட்டு வந்தேன்."

பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேஷன் ரோடு கண்ணாயிரத்தின் முத்திரை. பாவி மனுஷன்! கடையின் பெயர் பதியாமல் ஒரு புத்தகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் திருட்டுச் சரக்கு விற்றது போல இருக்கும் அவனுக்கு. எத்தனை முறை சொல்லியும் கை கேட்கவில்லை.

அது 1952 ஜூன். கொரியாவில் நடந்த சண்டை செங்கல்பட்டில் காகித விலையை ஏற்றிவிட்டிருந்தது. கதைப் புத்தகம் போடும் சிறு பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகம் போடும் சென்னைக் கம்பெனிக்கு மட்டும் குறையில்லை. அந்தக் கம்பெனியும் கதைப் புத்தகங்கள் வெளியிட்டது. அவற்றுக்குப் போட்டி இருக்கக்கூடாது என்று அதன் ஏஜெண்டான காசிநாதன் கோடையிலேயே வந்து ஒரு நிபந்தனை போட்டார்: பாடப் புத்தகம் வேண்டுமென்றால் வேறு யாருடைய கதைப் புத்தகமும் கடையில் இருக்கக் கூடாது, அப்படி வைத்திருக்கும் கடைக்குப் பாடப் புத்தகத்தைக் கைமாற்றிக் கொடுக்கவும் கூடாது. பள்ளி திறக்கும் மாத வியாபாரம்தான் ஒரு புத்தகக் கடைக்கு வருஷம் முழுவதற்கும் சோறு. தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார்.

ஊரிலிருந்த மூன்று கடைக்காரர்களும் அவர் வந்துபோன அன்றே சுந்தரவல்லியின் கடையில் கூடினார்கள். கணவன் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்துபவள் அவள். கண்ணாயிரமும், மாதா கோயில் தெரு சாலமோனும் வந்திருந்தார்கள். காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு புத்தகம் அச்சிடும் உப்பிலியும் வந்திருந்தார். அவர் போட்ட புதிய நாவலை எழுதியவள் மாமல்லபுரத்துப் பள்ளி ஆசிரியை கோமளம். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய கதை. அவளும் பஸ் பிடித்து வந்து மூலையில் நின்றாள்.

"என் புத்தகத்தை எடுத்துடுங்கக்கா," என்றாள் கோமளம். "எனக்காக நீங்க எல்லாம் கஷ்டப்பட வேணாம்."

"சும்மா இரு. எடுக்கச் சொல்றதுக்கு அவன் யாரு?" என்றாள் சுந்தரவல்லி.

வழி பிறந்தது அவர்களுடைய பழக்கத்திலிருந்தே. தன்னிடம் இல்லாத புத்தகத்தை ஒருவர் கேட்டால், அடுத்த கடையிலிருந்து அடக்க விலைக்கே வாங்கிக் கொடுப்பது அந்த மூவரின் வழக்கம். அதையே பெரிதாகச் செய்தார்கள். சுந்தரவல்லி கதைப் புத்தகங்களை எல்லாம் மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டு, நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவள் போல மூன்று கடைக்கும் போதுமான பாடப் புத்தகங்களைக் காசு கட்டி வாங்கினாள். எல்லாவற்றிலும் தன் நீல முத்திரையைக் குத்தி, மற்ற இருவரின் பங்கை அரிசிச் சாக்கில் கட்டிக் கொல்லைப்பக்கமாக அனுப்பி வைத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, சிவப்பு முத்திரை விழும் வரை.

இப்போது கடை வாசலில் பெற்றோர் கூட்டம் வண்டியைப் பார்த்து நின்றது. முதல் சரக்கு அவளிடம் தீர்ந்திருந்தது. இது இரண்டாம் சரக்கு.

காசிநாதன் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லம்மா. கண்ணாயிரம் உங்க கிடங்குலேர்ந்து திருடிட்டுப் போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மேல நான் பார்த்துக்கறேன். சரக்கை இப்பவே இறக்கிடறேன்."

அதற்குள் சேதி எட்டி, கண்ணாயிரமே மூச்சிரைக்க வந்து நின்றான். காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

"சொல்லிடுக்கா. நான்தான் தூக்கினு போனேன்னு சொல்லிடு. தப்பு என்னுதுதானே? என் வூட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சுந்தரவல்லிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"வாய மூடுடா! முத்திரை குத்தினதுக்கு உன்ன அப்பறமா வெச்சுக்கிறேன். காசு குடுத்து வாங்கினதைத் திருட்டுன்னு நீயே ஒத்துப்பியா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கடை தொறப்பே?" காசிநாதன் பக்கம் திரும்பினாள். "நான் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். என் காசு, என் சரக்கு. இன்னா பண்ணுவீங்க?"

"இந்தக் கட்டுல ஒண்ணு கூட இறங்காது. அடுத்த வருஷமும் கிடையாது. நான் வேற கடை பார்த்துக்கறேன்."

"பாருங்க. புண்ணாக்குக் கடையில வெச்சு வித்துக்கோங்க. எங்க கழுத்துல கத்தி வெச்சுட்டு, அதுக்கு வியாபாரம்னு பேரு வேற!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காசிநாதனின் முகம் சுண்டியது. வண்டிக்காரனை ஓட்டச் சொன்னார்.

கண்ணாயிரம் தன் கடையை நோக்கி ஓடினான். அவன் திரும்பி வந்தபோது தலையில் ஒரு சாக்கு. பின்னால் சாலமோன் தலையில் ஒன்று. தங்கள் கடையில் விற்காமல் இருந்த பாடப் புத்தகங்களை எல்லாம் அவள் மேஜைமேல் கொட்டினார்கள்.

"இங்கதானே ஜனம் நின்னுகினு கீது," என்றான் சாலமோன். "இங்கியே வித்துடுக்கா." மடியில் செருகியிருந்த கோமளத்தின் நாவல் பிரதிகள் நான்கை எடுத்து மேஜையின் முன்வரிசையில் வைத்தான். "இனிமே இத எதுக்கு ஒளிக்கணும்?"

மூவருமாக நின்று விற்றார்கள். கண்ணாயிரம் வகுப்பு கேட்டு எடுத்துக் கொடுத்தான். சுந்தரவல்லி காசை வாங்கிப் பெட்டியில் போட்டாள். இப்படி ஒளிந்தும் மறைந்தும் சாக்கில் கட்டியும் பிள்ளைகளின் புத்தகத்தை விற்க வைத்துவிட்டானே காசிநாதன் என்ற ஆத்திரம் அவளுக்கு.

சாக்குகள் சீக்கிரமே காலியாகிவிட்டன. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி முண்டியடித்து முன்னால் வந்தாள்.

"ஏழாவது கணக்குப் புஸ்தகம், அம்மா."

"இல்லம்மா."

"இல்லியா? வாத்தியாரு நாளைக்குக் கொண்டாராட்டி வெளிய நிக்க வெப்பேன்னாராமே! எங்கதான் கீது?"

சுந்தரவல்லி தெருவைக் கைகாட்டினாள். மார்க்கெட் நெரிசலில் மாட்டுவண்டி இன்னும் திரும்ப முடியாமல் நின்றது.

"அதோ, அந்த வண்டி நெறையக் கீது. நாங்க கதைப் புஸ்தகம் விக்கிறோம்னு உம் புள்ளையோட கணக்குப் புஸ்தகத்த மெட்ராசுக்குத் திருப்பி எடுத்துக்கினு போறாரு. போய் அவரையே கேளு."

அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வண்டியை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள். வாசலில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போகத் தொடங்கினார்கள்.