அப்பா லீவு போட்ட நாள்

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபமே வராத மனிதர் என்று பெயர். கிளட்சை டப்பென்று விட்டு வண்டியைத் துள்ள வைக்கிறவர்களிடம்கூட, "பரவால்ல, வண்டியும் உங்களுக்குப் பழகணும்ல" என்பார். அந்தப் பொறுமை வீட்டில் அடிபட்டு வந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மகளுக்கு இருபத்துநான்கு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். காலையில், "நீங்க இல்லேன்னா நான் இல்லப்பா" என்று தோளில் சாய்வாள். மாலையில் அவர் ஃபோனை எடுக்கத் தாமதமானால், "என்னைத் தலைமுழுகத்தானே பார்க்கறீங்க?" என்று கதவை அறைந்து சாத்துவாள். நெஞ்சு கொதிக்கும்போது கையைக் கீறிக்கொள்வாள். முழங்கைக்குக் கீழே பழைய தழும்புகள் கோடு கோடாக இருந்தன. டாக்டர் அதற்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி என்று பெயர் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவில்லை. "பார்டர்னா எந்தப் பார்டர் டாக்டர்?" என்று கேட்டாள். வாலுவே சிரித்துவிட்டாள். "நம்மளை விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயம் இதுல ரொம்ப அதிகம்மா. நமக்குச் சுருக்குனு படறது, இவங்களுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர். அதன் பிறகு வாரா வாரம் கவுன்சலிங் போனாள். கை பல மாதங்களாகப் புதுக் காயம் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் விரும்பிய பெண்ணின் அப்பா அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. வாலு குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூன்று பேரும் சமையலறையில் கூடினார்கள்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவ வீட்ல இல்லாம இருந்தா..." என்று அம்மா இழுத்தாள்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "டிரெய்னிங்குக்கு வெளியூர் போயிருக்கான்னு நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்."

மாஸ்டர் அங்கே ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால், "ஓட்டக் கத்துத் தர்றேன்னு நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று வழி சொன்னவரே அவர்தான். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலில் கூட்டம் அலைமோதும். அவர் அன்றைக்கு லீவு எடுத்ததே இல்லை. அது வாலுவுக்கும் தெரியும்.

"எனக்காகவா லீவு போட்டீங்க?"

"ஆமா."

"நிஜமா?"

"நிஜமாத்தான். கிளம்பு."

அவள் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு, தோழிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினாள். குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கூட எடுத்துக்கொண்டாள். "உலகத்துலயே உங்களை மாதிரி ஒரு அப்பா கிடையாது" என்றாள். அவர் வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிடங்குகள் வரிசையாக இருந்த அகலமான சாலையில் ஓட்டினார்கள். விடுமுறை என்பதால் ஆளரவம் குறைவு. நன்றாகவே ஓட்டினாள். கியர் மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்வது சின்ன வயதுப் பழக்கம், இன்னும் போகவில்லை. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் அடித்தது. அவருடைய ஃபோன் வண்டி ஸ்பீக்கரில் இணைந்திருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. எடுத்துவிட்டார்.

"என்னங்க, அவங்க இன்னும் கிளம்பல" என்று அம்மாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "இன்னும் ஒரு மணி நேரம் அவளை வெளியிலயே வச்சிருங்க. அந்தம்மா எல்லா ரூமையும் எட்டிப் பார்க்கறாங்க. இவ வந்து ஏதாவது..."

அவர் அணைப்பதற்குள் எல்லாம் காதில் விழுந்துவிட்டது. வாலுவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. அவர் யோசிக்கவே இல்லை. கற்றுத் தருகிறவருக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

"ஓரமா நிறுத்தத்தான் போனேன்" என்றாள் அவள். "இண்டிகேட்டர் போட்டேனே, பார்க்கலையா?"

இண்டிகேட்டர் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அம்மா சும்மா ஏதோ..." என்று ஆரம்பித்தார்.

"இன்னொரு பொய் சொன்னீங்க, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். "அண்ணன் விரும்பற பொண்ணு வீட்லேர்ந்து வந்திருக்காங்க. நீ இருக்க வேண்டாம்னு நினைச்சோம். ஐடியா என்னோடதுதான்."

அவள் இறங்கி நடந்தாள். வண்டியைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

"வராதீங்க! உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்! நீங்கதான் எல்லாரையும் விட மோசம்!"

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இந்த நேரத்திலும் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள். வருகிறாரா என்று பார்க்கத்தான். வராதே என்பதும் நிஜம், போய்விடாதே என்பதும் நிஜம்.

"தள்ளியே வரேன். போக மாட்டேன்" என்றார்.

ஒரு கிடங்கின் படியில் உட்கார்ந்து மணிக்கட்டை நகத்தால் பிறாண்ட ஆரம்பித்தாள். இப்படி நேரத்தில் குளிர்ந்த எதையாவது கையில் கொடுக்க வேண்டும் என்று கவுன்சலிங்கில் அவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் பையில் இருந்த பாட்டிலை எடுத்து, "இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, சில்லுனு இருக்கு" என்று நீட்டினார். முதலில் தட்டிவிட்டாள். பிறகு வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சமாதானம் எதுவும் சொல்லாமல் அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போகணும். இப்பவே."

அவர் கண் தன்னையறியாமல் கடிகாரத்துக்குப் போனது. அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "பாருங்க, பாருங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது அவருக்கு. "வா, போலாம்" என்று எழுந்தார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது விருந்தாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகம் செத்துப்போனது. பெண்ணின் அம்மா, வாலுவின் அழுது வீங்கிய கண்களையும் கைத் தழும்புகளையும் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள்.

"என் பொண்ணுங்க. வெளியூரெல்லாம் போகல. அவளுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் பார்க்கறோம். நாங்கதான் மறைச்சிட்டோம்."

வாலு அவர்களைப் பார்த்து, "வாங்க" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவருகே தரையில் உட்கார்ந்தார்.

"வாலு, நான் இங்கதான் இருக்கேன்."

வெகுநேரம் சத்தமில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு பீங்கான் கோப்பை கதவில் மோதிச் சுக்குநூறாக உடைந்தது. ஹாலில் யாரோ துள்ளி எழுந்தார்கள். மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பீங்கான் சில்லை மிதிச்சிடாத. கதவைத் திற, நான் பெருக்கறேன்" என்றார்.

அவள் திறந்தாள். அவர் மண்டியிட்டுப் பெருக்கினார். அவள் கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் முறிந்துவிடவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா அதன் பிறகு இவர்கள் சொல்லும் எதையும் வேறு யாரிடமாவது ஒருமுறை விசாரித்த பிறகே நம்பினார். அண்ணன் அப்பாவிடம் சரியாகப் பேச நெடுநாளாயிற்று. அம்மா வாலுவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், பாதியிலேயே அழுது, கடைசியில் அவளே அம்மாவைத் தேற்ற வேண்டியிருந்தது.

அடுத்த கவுன்சலிங்குக்கு மாஸ்டரும் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் அவரே சொன்னார். கடிகாரத்தைப் பார்த்ததையும் சொன்னார். வாலு ஜன்னலோர நாற்காலியில் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏதாவது சொல்றியாம்மா?" என்று கவுன்சலர் கேட்டார்.

கத்துவாள் என்று எதிர்பார்த்து மாஸ்டர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம்.

"அன்னைக்குக் காலையில நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்" என்றாள் அவள்.

மாஸ்டரால் தலை நிமிர முடியவில்லை. கவுன்சலர் தண்ணீர் எடுத்து வைத்தார். இருவருமே அதைத் தொடவில்லை.