நுரையீரலுக்கு ஒரு பூச்சு

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அன்று வந்து சேர்ந்தது சொந்தத் தம்பியின் மகன். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். மூச்சுக்கு மூச்சு அவன் விலா உள்ளே குழிந்தது.

தம்பி பிளம்பர். கட்டிலோரம் நின்று, "என்னக்கா, நெஞ்சுல அடைப்பா?" என்றான்.

மருந்துக் குப்பியை உள்ளங்கையில் மெல்ல உருட்டிச் சூடாக்கியபடி அவள் சொன்னாள்: "அடைப்பில்லடா. நுரையீரல்ல இருக்கிற குட்டிக் காத்துப்பைக்குப் பூச்சு இல்ல. உள்ளே தண்ணிப் படலம் இருக்கு பாரு, அது இழுத்து, மூச்சு விட்டதும் ஈரமான பிளாஸ்டிக் பை மாதிரி ஒட்டிக்குது. ஒட்டாம இருக்க ஒரு கொழுப்பு ஊறணும். அதுல ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலை, ரெண்டு வால்; தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால தண்ணி மேல தலைகீழா நின்னுக்கிட்டு, அந்த இழுப்பைக் குறைக்கும். அது ஊறுறதே கடைசி மாசங்கள்லதான்."

"கொழுப்பா? நம்ம குடும்பத்துல அதுக்கா பஞ்சம்!"

"உன்கிட்ட இருக்கிறதுல பாதி கொடுத்திருக்கலாம். நகரு, டாக்டர் வர்றாரு."

டாக்டர் அந்தக் கொழுப்பு மருந்தை, குழந்தையின் வாய்வழியே செருகியிருந்த குழாய் மூலம் மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார். "ஒரு மணி நேரம் எதையும் உறிஞ்சி எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

உடனே குழந்தையின் நெஞ்சு கரகரத்தது. திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கியது.

தம்பி பதறினான். "உறிஞ்சி எடுத்துடுக்கா! அடைச்சா உறிஞ்சணும், நான் தினம் பண்ற வேலை!"

"கரகரங்கிறது மருந்துடா. உறிஞ்சினா பூச்சு பூரா போயிடும்."

"ஏதாவது ஆச்சுன்னா இவனைப் பெத்தவ மூஞ்சில எப்படி முழிப்பே?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. உறிஞ்சு குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்துக் கேட்டாள். இரண்டு பக்கமும் காற்று போனது, குழாயும் நழுவவில்லை. ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அசையாமல் நின்றாள்.

எண் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விலாக் குழிவு குறைந்தது. அவள் ஆக்சிஜனைக் குறைக்கத் தொடங்கினாள்.

"ஏன்க்கா குறைக்கிறே?"

"இவ்வளவு வேண்டாம்கிறான் உன் புள்ள."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கொழுப்பு இவனுக்கே எப்போ ஊறும்?"

"சில நாள்ல ஊற ஆரம்பிச்சிடும். அதுவரைக்கும் இது தாங்கணும். தாங்கலைன்னா இன்னொரு குப்பி போடுவாங்க. மாடியில அவ பயந்து கிடப்பா, போய்ச் சொல்லு."


அவன் போன பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.