ஒரே ஆளுக்கு இரண்டு மார்க்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் கற்பனை செய்த கதை அல்ல; மலேசியாவில், சிரம்பானில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. முதல் வரியை இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'முதுமையின் சோகம் படர்ந்த அந்த முகத்தில்…'

வேண்டாம். புனிதாவின் முகத்தில் படர்ந்திருந்தது எரிச்சல்.

2

புனிதாவுக்கு எழுபத்திரண்டு வயது. ரந்தாவுக்கு வெளியே ஓர் எஸ்டேட்டில் நாற்பது வருடம் ரப்பருக்காகப் பால்மரம் சீவியவள். தனியாக இருக்கிறாளே என்று மகன் தர்மராஜ் ஆறு மாதங்களுக்கு முன் ரஹாங்கிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். முகம் பார்க்கலாம் போன்ற டைல்ஸ் தரை. விரலால் தொட்டு மூட்டும் அடுப்பு. மாடியில் படுக்கையறை. வாசல் கேட்டுக்கு ரிமோட். அது தர்மராஜின் சட்டைப்பையில். அம்மா பத்திரமாக இருக்க வேண்டுமல்லவா!

ஆறே மாதத்தில் புனிதா சமைப்பதில்லை, வெளியே போவதில்லை. ஒருநாள் குளியலறையில் வழுக்கியும் விழுந்தாள். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்றான் மகன். இல்லத்துக்காரர்கள் ஒரு மதிப்பீட்டுப் படிவம் கேட்டார்கள்.

(தர்மராஜை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துழைக்க மறுத்துவிட்டான். அம்மா விழுந்த அன்று மாலை குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதவன் அவன். வில்லன் இல்லாமலே சமாளிக்கிறேன்.)

3

படிவத்தோடு கிளினிக் தாதி இந்துஜா வீட்டுக்கு வந்தாள்.

"சமைப்பீங்களாம்மா?"

"அந்த அடுப்புக்கு என் வெரலத் தெரிய மாட்டேங்குது. சீவிச் சீவிக் காய்ச்சுப்போன வெரலு."

"கடைக்குப் போவீங்களா?"

"கேட்ட யாரு தொறப்பா?"

"தனியா குளிப்பீங்களா?"

"கதவச் சாத்தக்கூடாதுன்னுட்டான் மவன். தொறந்து வச்சிக்கிட்டு எவ குளிப்பா?"

மூன்றுக்கும் 'முடியாது' கட்டத்தில் டிக். 'அடுப்பால் முடியாது' என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. மொத்தம் இருபதுக்கு ஏழு.

"என்னைய என் வீட்ல வச்சிக் கேளு லா. அப்பறமா எழுது," என்றாள் புனிதா.

4

சனிக்கிழமை இந்துஜா தன் காரிலேயே கூட்டிப்போனாள். பின்சீட்டில் முணுமுணுப்போடு தர்மராஜ். எஸ்டேட் வீட்டுச் சாவி இன்னும் புனிதாவின் முந்தானையில்தான் இருந்தது.

சிமெண்ட் தரையில் நடந்தாள். சுவரைப் பிடிக்காமல் இல்லை, பிடித்தாள். எந்த இடத்தில் சுவர் இருக்கிறதென்று கைக்குத் தெரிந்திருந்தது. கேஸ் அடுப்பை மூட்டிக் கோப்பி கலக்கினாள். சீனி இல்லையென்று மூன்றாவது வீட்டு விமலாவிடம் போய் வாங்கிவந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் குளித்தாள். வெளியே இரண்டு பேருக்கு வேர்த்துக் கொட்டியது.

பதினெட்டு மார்க். (மாடிப்படி ஏறும் கேள்விக்கு இரண்டு போயிற்று. அங்கே மாடி இல்லை.)

5

"எது சரி மிஸ்ஸி?" என்று தாதியைக் கேட்டான் தர்மராஜ்.

"ரெண்டும் சரிதான். ஃபாரத்துல விலாசத்துக்கு ஒரே ஒரு எடம்தான் இருக்கு."

"இங்க விழுந்தா யாரு தூக்குவா?"

"அங்க விழுந்தப்ப ரெண்டு மணி நேரம் தரையில கெடந்தேன்," என்றாள் புனிதா. "இங்கன்னா விமலா சத்தத்துக்கு வந்துருவா."

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மகன் மனம் மாறி… இன்னொன்றில் இல்லத்தின் ஜன்னலோரம் அவள்… மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதில் எஸ்டேட் நிர்வாகம் வீட்டை அவளுக்கே எழுதிக்கொடுக்கிறது.

புனிதா எதற்கும் காத்திருக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். "மத்தியானத்துக்கு மூணு பேருக்குப் போடறேன். ராத்திரிக்கும் இங்கயே எனக்கு மட்டும் சேத்துப் போடவா?"

தர்மராஜ் இந்துஜாவைப் பார்த்தான். இந்துஜா படிவத்தைப் பார்த்தாள். பதிலை எழுத எனக்கும் தைரியம் போதவில்லை. அங்கே உலை கொதிக்கிறது. நீங்களாவது அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.