குமுதாவின் நிரை

காளியம்மாவுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. வேலை செய்து வந்த வலியென்றால் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கியிருப்பாள். இது சும்மா உட்கார்ந்தே வந்த வலி.

பார்வை பறிபோன பிறகுகூட அவள் இப்படி உட்கார்ந்ததில்லை. கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், மரத்தடியில் சிதறும் உதிரிப் பழத்தைக் கையால் துழாவிப் பொறுக்குவதுதான் அவள் வேலை. அதற்குக் கை போதும். முள் ஏறிய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றால், பக்கத்து நிரையில், அதாவது அடுத்த மர வரிசையில், பொறுக்கும் குமுதா விடமாட்டாள்.

"கண்ணு இருக்கிறவளுக்குந்தான் குத்துது. பொறுக்குடி."

அந்த ஏச்சும், காலையில் பெண்கள் லோரியில் அடித்த கூத்தும் இப்போது நினைத்தாலும் காளியம்மாவுக்கு இனிக்கும். ஒருத்தியும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியதில்லை.

கண்ணுக்காக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க, குமுதா இரண்டு நிரையும் பொறுக்கி, ஒன்றைக் காளியம்மா பேரில் எழுதவைத்தாள். தோட்டத்து வழக்கப்படி அதைக் காசாகத் திருப்பக்கூடாது, நிரையாகத்தான் திருப்ப வேண்டும். ஆனால் குமுதா நோயென்று படுத்தால்தானே?

இந்த வருடம் படுத்தாள். முழங்கால் ஆபரேஷன். "எங்கடி என் பாக்கி?" என்று அவள் கேட்டபோது காளியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குருடியிடம் யார் கடன் கேட்கிறார்கள்?

நான்கு நாள் இரண்டு நிரையும் பார்த்தாள். ஐந்தாம் நாள் புக்கிட் செந்தோசாவிலிருந்து பவனேஷ் என்ற பையன் வீடியோ எடுக்க வந்தான். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் தடவித் தடவி நடங்க லா. அப்பதான் பாக்கறவங்களுக்கு ஃபீல் வரும்."

வெயிலில் நிற்கிறானே பிள்ளை என்று அவளும் கையை நீட்டித் தடுமாறிக் காட்டினாள். சோக இசையோடு அது ஊரெல்லாம் ஓடியது. பார்வையில்லாத அம்மாவை வேலை வாங்கும் பாவிகள் யார் என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கணேஸ்வரன் பயந்துபோய் வீட்டுக்கே வந்துவிட்டான். அது நடிப்பு என்று அவள் எவ்வளவோ சொன்னாள். வருடக்கணக்காக அவள் மூட்டை கட்டியதைப் பார்த்தவன்தான், ஆனாலும் வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரமாயிற்று. முகம் தெரியாதவர்கள் கொண்டுவந்து போட்ட அரிசி மூட்டைகள் கூடத்தை அடைத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல், ஊன்றுகோலோடு வந்த குமுதா பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் நிரையை இப்போது வேறு ஆள் பொறுக்குகிறான், பாதிக் கூலி அவனுக்கு.

"வேணுங்கிற மூட்டைய எடுத்துக்கடி," என்றாள் காளியம்மா.

"அரிசியா கேட்டேன் ஒங்கிட்ட? நிரைக்கு நிரைதான். நீ எப்ப வர்ற?"

ஊன்றுகோல் சத்தம் வாசலைத் தாண்டித் தேய்ந்தது. குமுதாவுக்கு அவள் ஒரு மாத நிரை கடன். அதில் கொடுத்தது நான்கு நாள். மீதி அப்படியே நிற்கிறது.