சுடலைவடிவின் நோய்க்கு ஓர் எண்

தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும் விஜயஸ்ரீக்கு ஒரே வேலைதான். வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, உலகம் பூராவும் அந்த நோய்க்கு வழங்குகிற எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடிப் போடுவாள்.

மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சுடலைவடிவின் ஷீட்டில் திணறிப்போனாள். கணையம் சுரக்காததால் கொழுப்பு உடம்பில் சேரவில்லை என்றிருந்தது. குடல் நோயா, கணைய நோயா? வார்டுக்கே போய் டாக்டர் ஞானசிகாமணியிடம் கேட்டாள்.

அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாய்ப் பொடிக்கற்கள்.

"கணையம் பூரா கல்லு. சாறு குடலுக்கு வரல. திங்குத எண்ணெய் அப்படியே மலத்துல மிதக்கு. குடல் மேல குத்தமில்ல."

விஜயஸ்ரீ அந்தக் கற்களை உற்றுப் பார்த்தாள். ஒரு சாண் நீள உறுப்பு ஓய்ந்துவிட்டால், வயிறாரச் சாப்பிட்டும் ஒருத்தி பட்டினி கிடக்கிறாள்.

எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்த சுடலைவடிவு பைய எழுந்து உட்கார்ந்தாள். "என்னத்தம்மா பாக்குதிய?"

"ஒங்க நோவுக்கு நம்பர் போடணும்க்கா. வெளிநாட்டுலயும் இதுக்கு அதே நம்பர்தான்."

"அப்பம் வெள்ளைக்காரிக்கும் எண்ணெயாப் போவுமா?"

"போவும்க்கா."

சுடலைவடிவு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன் தாயி. செய்வினைன்னு எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் பக்கத்துலயே வரல." சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

விஜயஸ்ரீ கீழே வந்து மறுபடி பக்கங்களைப் புரட்டினாள். குடல் நோய்களுக்கு நடுவே, கணையத்தால் வரும் கொழுப்புக் கழிச்சலுக்கென்றே தனி வரி இருந்தது: 579.4. எந்த ஊரிலோ யாரோ, மாஞ்சோலை என்ற பேரே கேள்விப்படாதவர்கள், இவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணை எழுதினாள். கணையக் கல்லுக்கு உரியதையும் பக்கத்தில் சேர்த்தாள்.

சோற்றோடு விழுங்கச் சொல்லி டாக்டர் சுடலைவடிவிடம் மாத்திரை கொடுத்தனுப்பினார். இல்லாத சாற்றின் வேலையை அது பார்க்கும் என்றார்.

சில மாதம் கழித்து, பிசான நெல் அறுப்பு முடிந்த சமயம், கன்னம் உருண்ட ஒரு பெண் விஜயஸ்ரீயின் அறை வாசலில் வந்து நின்றாள். யாரென்று விளங்கச் சற்று நேரமானது.

"அம்பாசமுத்திரத்துல பஸ் மாறையில உளுந்தவடை தின்னேன் தாயி," என்றாள் சுடலைவடிவு. "எண்ணெயெல்லாம் இப்பம் ஒடம்புல ஒட்டிக்கிடுது."